பழகிய கண்ணுக்குத் தப்பும் குரோம்

குரோம் உப்பால் தோலைப் பதனிடும் டிரம்மை நிறுத்தியதும் வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரி மாஸ்டர்கள் நம்புவது கொதிநீர்ச் சோதனையை. தோலின் தடித்த பகுதியில் ஒரு துண்டு அறுத்து, அதன் விளிம்பைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, கொதிக்கும் தண்ணீரில் 2, 3 நிமிடம் போட்டெடுப்பார்கள். துண்டு அந்தக் கோட்டில் பொருந்தினால் குரோம் நன்றாகப் பிடித்திருக்கிறது. சுருண்டால் பதம் போதவில்லை, டிரம் மறுபடி சுற்ற வேண்டும்.

சோதனையில் குறை இல்லை. ஆனால் 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு கேள்வியும் கேட்கிறது. உடம்பில் படும் தோல் பொருளில் ‘குரோம் 6’ என்ற நச்சு வகை, ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது. டிரம்மில் போடுவதோ ‘குரோம் 3’ என்ற இன்னொரு வகை. கொழுப்பூட்டப் போடும் மீன் எண்ணெய் காற்றுபட்டு மாறும்போதும், தோலின் அமிலத்தைக் குறைக்கும் நியூட்ரலைசிங்கில் பி.எச். அளவுக்கு மேல் ஏறும்போதும், தோல் வறண்ட சூட்டில் கிடக்கும்போதும் அதில் ஒரு துளி குரோம் 6 ஆகிவிடுகிறது. நிறமும் மாறாது, தொட்டாலும் தெரியாது. இங்கே தேறிய சரக்கு கன்டெய்னர் சூட்டில் போய்ச் சேர்ந்த பிறகு தோற்கலாம். அதனால்தான் மாதிரியை 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துவிட்டு ஆய்வுக்கு அனுப்புவது நல்லது. ரீடேனிங்கில், அதாவது இரண்டாம் முறை பதனிடும்போது, தோல் எடைக்கு 2, 3 சதவீதம் வாட்டில் மரப்பட்டைச் சாறு சேர்த்து, கடைசி பி.எச்.சை 3.5 அருகே முடித்தால் பெரும்பாலும் தப்பலாம்.

இவ்வளவு எளிதான மாற்றம் அனுபவசாலிக்கு ஏன் தாமதமாகத் தெரிகிறது? பிடிவாதம் என்று சொல்லிவிடுவது சோம்பேறித்தனமான பதில்.

1942இல் ஆபிரகாம் லூச்சின்ஸ் வெளியிட்ட ஜாடிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 21, 127, 3 அளவுள்ள ஜாடிகளை வைத்து 100 அளக்க வேண்டும். 127இல் 21ஐக் கழித்து, 3ஐ இரண்டு முறை கழித்தால் வந்துவிடும். இதே வழியில் சில கணக்குகள் போட்டுப் பழகியவர்களிடம் 23, 49, 3 கொடுத்து 20 கேட்டார். பெரும்பாலோர் 49இலிருந்து அதே சுற்று வழியில் போனார்கள். 23இல் 3 போனால் 20 என்பது கண்ணில் படவில்லை. அடுத்து 28, 76, 3 கொடுத்து 25 கேட்டார். இதில் பழைய வழி 42இல் முடியும். பழகாதவர்கள் நொடியில் போட்ட இந்தக் கணக்கில் பழகியவர்கள் பலர் சிக்கிக்கொண்டார்கள்.

தேர்ந்த செஸ் ஆட்டக்காரர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து 2008இல் வந்த ஆய்வு இதை இன்னும் நெருங்கிக் காட்டியது. பழக்கமான ஒரு வெற்றி வழி தெரிந்த பிறகு, அதைவிடக் குறுகிய வழியைத் தேடுவதாக அவர்கள் சொன்னார்கள், பொய்யாக அல்ல. கண்ணோ முதல் வழிக்குரிய கட்டங்களுக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. தேடுகிறோம் என்ற எண்ணம் ஒரு பக்கம், பார்வை போகும் இடம் இன்னொரு பக்கம்.

மூளையின் அடியில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி, அடிக்கடி செய்யும் வேலையை ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறது. பாதையில் ஓடப் பழகிய எலிகளில், அங்குள்ள நரம்பணுக்கள் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் துடிப்பாக இருந்தன. நடுவில் அடங்கிவிட்டன. கிறிஸ்டோபர் ஆடம்ஸ் 1982இல் செய்த சோதனை இன்னும் கசப்பானது. நெம்புகோலை 100 முறை அழுத்தித் தீனி பெற்ற எலிகள், அந்தத் தீனி குமட்டத் தொடங்கியதும் அழுத்துவதைக் குறைத்தன. 500 முறை அழுத்திப் பழகியவை அழுத்திக்கொண்டே இருந்தன. பலன் கெட்டாலும் கை நிற்கவில்லை.

வியாபாரத்தில் இதற்கு மருந்து, ஒப்பிடும் அளவுகோலை மாற்றுவது. ஷூ ஆர்டர்கள் சம்மர், விண்டர் என ஆண்டுக்கு 2 சீசனாக வருகின்றன என்று வையுங்கள். சீசனுக்கு 5 சதவீதம் குறைந்தால், போன சீசனோடு ஒப்பிடுபவர் ‘கொஞ்சம் டல்’ என்று விட்டுவிடுவார். 6 சீசனில் கால்வாசிக்கு மேல் போயிருக்கும். 3 ஆண்டுக்கு முந்தைய அதே சீசனோடு ஒப்பிட்டால் உடனே உறைக்கும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் என்ன செய்வோம் என்பதை, வியாபாரம் நன்றாக இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். சரிந்த பிறகு உட்கார்ந்தால் மனசு எண்ணைத் தள்ளித் தள்ளி வைக்கும். சிக்கலை இன்னொருவரிடம் கொடுக்கும்போது உங்கள் விடையைச் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் கண்ணும் அதே கட்டத்துக்குப் போகும். புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் மாதத்தில் விசித்திரமாகப் பட்டவற்றை எழுதி வாங்குங்கள். பழகிவிட்டால் அவருக்கும் தெரியாது.

வேலை மாறும்போதும் இப்படித்தான், பழகிய திறமையில் எது புது இடத்திலும் உதவும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆம்பூரில் தோல் கட்டிங் செய்பவர் திறமையில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, தழும்பு, உண்ணிக்கடித் தடம் தவிர்த்து டை என்ற வெட்டும் அச்சை வைப்பது. மற்றது, இழுவை எந்தப் பக்கம் என்று தெரிவது: பின்பகுதி இறுக்கம், வயிற்றுப் பகுதி தொளதொளப்பு. பனப்பாக்கம் பக்கம் வரும் தோல் அல்லாத ஷூ ஆலைகளில் துணி ரோலாக வருகிறது, அடுக்கி வெட்டலாம். தழும்பு தேடும் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. இழுவை அறிவுக்கு இருக்கிறது. துணியும் ஒரு திசையில் அதிகம் நீளும். திசை தப்பி வெட்டிய ஷூ மேல்பாகம், கால் வடிவ அச்சில் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங்கில் கோணிக்கொள்ளும். அந்த ஆலை வேலைக்குப் போகும் முன், அங்குள்ள துணியில் ஒரே அளவுள்ள 2 பட்டைகளை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வெட்டி, ஒரே எடையைத் தொங்கவிட்டு ஸ்கேலில் அளந்து பார்த்தால், கையோடு எதை எடுத்துப் போகலாம் என்பது தெரிந்துவிடும்.