தானடை கற்காரை: 'சுய குணப்படுத்தும் கான்கிரீட்' ஏன் தவறு

ஆங்கிலத்தின் 'செல்ஃப் ஹீலிங் கான்கிரீட்' என்பதற்கு 'சுய குணப்படுத்தும் கான்கிரீட்' என்ற தொடர் கட்டுமானக் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் ஊன்றிவிட்டது. காதுக்குக் கரடுமுரடாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொருளே மாறிப்போவதைப் பொறுக்க முடியாது. பாம்பன், மண்டபம், கீழக்கரை போன்ற உப்புக்காற்று ஊர்களில் அந்தத் தவறு கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிவரை போகும்.

முதலில் பொருள் என்ன? கெட்டியான கான்கிரீட்டில் விழும் மயிரிழை விரிசலை, வெளியிலிருந்து யாரும் பூசாமல், உள்ளேயே பொதிந்து வைத்த ஒன்று அடைக்கிறது. சோடியம் சிலிக்கேட் போன்ற திரவத்தை, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய உருண்டைகளில், பாலியூரித்தேன் போன்ற மெல்லிய ஓட்டுக்குள் அடைத்துக் கலவையில் சேர்க்கிறார்கள். இந்த உருண்டைகள்தான் நுண்பொதிகள். விரிசல் ஓடும் வழியில் ஓடு உடைகிறது, திரவம் கசிந்து விரிசலுக்குள் ஊறுகிறது, கான்கிரீட்டில் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து கூழாகி இறுகுகிறது. சிமெண்டுக்குப் பிடிமானம் தரும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்தான் இங்கும் உண்டாகிறது. 2001இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் வைட் குழுவினர் நெகிழிக் கூட்டுப்பொருளில் செய்துகாட்டிய நுண்பொதி முறை, பிறகு கான்கிரீட்டுக்கும் வந்தது.

எல்லாச் சிக்கலும் அந்த ஓட்டில்தான். விறைப்பாக இருந்தால் மிக்சரில் ஜல்லி மோதியே உடைந்துவிடும். ரப்பர்போல் இளகியிருந்தால் விரிசல் அதைப் பிளக்காமல் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் மற்றவை கலந்தபின் கடைசியில் பொதிகளைப் போட்டுச் சிறிது நேரமே சுழற்ற வேண்டும். அளவைக் கூட்டினால் அடைப்பு கூடும், அழுத்த வலிமை குறையும். ஒருமுறை உடைந்த பொதி மறுமுறை உதவாது.

சொற்களுக்கு வருவோம். 'கான்கிரீட்' இலத்தீனில் 'கூடி வளர்ந்தது'. 'ஹீல்' பழைய ஆங்கிலத்தில் 'முழுதாக்கு'. நம் 'காரை' சுண்ணாம்புச் சாந்து. கல் சேர்ந்தால் கற்காரை. 'பைஞ்சுதை' என்று எழுதுவோரும் உண்டு, ஆனால் அது சிமெண்டுக்கும் வழங்குவதால் குழப்பம்தான்.

இனி 'குணப்படுத்து'. கியூரிங் என்பதையும் இயந்திர மொழிபெயர்ப்பு 'குணப்படுத்துதல்' என்றே தருகிறது. கியூரிங் என்றால் புதிதாகப் போட்ட கான்கிரீட் இறுகிக் கெட்டியாக, சாக்குப் போட்டோ தளத்தில் பாத்தி கட்டியோ தண்ணீர் விடுவது. இரண்டுக்கும் ஒரே சொல்லானால், 'சுய குணப்படுத்தும்' என்பதைப் படிக்கும் மேஸ்திரி, தண்ணீர் விடத் தேவையில்லாத கான்கிரீட் என்றே எடுத்துக்கொள்வார். அவர்மேல் பிழையில்லை. தானே ஈரம் காக்கும் கான்கிரீட் என்று உண்மையிலேயே வேறொன்று இருக்கிறது: பாலிஎதிலீன் கிளைக்கால் கலந்தோ, ஊறவைத்த இலேசான ஜல்லி சேர்த்தோ செய்வது. நுண்பொதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்தக் கடற்கரையில் நல்ல தண்ணீர் பல இடங்களில் லாரியில்தான் வருகிறது. தண்ணீர் மிச்சம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 விதியோ சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் வறண்ட வெயிலுக்கும் 10 நாள் என்கிறது. அதைக் குறைத்தால் மேற்பரப்பு நுண்துளையாக நிற்கும். கடல் உப்பிலுள்ள குளோரைடு விரிசலுக்குக் காத்திராமல் துளைவழியே கம்பியைத் தொடும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். கடலலைத் திவலை படும் பரப்புக்கு அதே விதி 50 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்), குறைந்தது எம்35 என்ற வலிமைத் தரம் கேட்கிறது. கடுஞ்சூழலில் விரிசல் அகலம் சுமார் 0.1 மி.மீ.க்குள் நிற்க வேண்டும் என்கிறது. பொதிகள் அந்த மெல்லிய விரிசலுக்கு உதவுமே தவிர, கவரைக் குறைத்ததையும் தண்ணீர் விடாததையும் ஈடுகட்டா.

'தானாறும் கற்காரை' என்பார்கள் சிலர். புண் ஆறும் என்பது நல்ல தமிழ், 'குணப்படுத்து' என்னும் பிறவினையைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கியூரிங்குக்கு 'நீராற்றல்' என்ற சொல் ஏற்கெனவே வழங்குகிறது. 'ஆறு, ஆற்று' மறுபடி அதே குழியில் தள்ளும். நடப்பதைச் சொல்லுங்கள்: விரிசல் அடைபடுகிறது. முழு வலிமை திரும்புவதாக அந்தச் சொல் வாக்களிக்கவில்லை, அதுவும் அதன் நேர்மை. ஆகவே 'விரிசல் தானடைக்கும் கான்கிரீட்'; சுருக்கமாகத் 'தானடை கற்காரை'. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. தானே ஈரம் காப்பதற்குத் 'தன்நீராற்று கற்காரை' என்று தனிப்பெயர் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டும் வழக்கம் இதோடு நிற்கவில்லை. நுண்பொதியை 'நுண்மாத்திரை' என்கிறார்கள், உள்ளிருக்கும் திரவத்தைக் 'குணப்படுத்தும் முகவர்' என்கிறார்கள். முகவர் காப்பீடு விற்பவர். சோடியம் சிலிக்கேட் விரிசலை அடைக்கும் பொருள். அதற்கு 'அடைபொருள்' போதும்.