தந்தையின் வயதும் பிள்ளையின் மனநலமும்

ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய கருமுட்டைகளுக்கான செல் பிரிதல் ஏறக்குறைய முடிந்திருக்கும். மொத்தமே இருபத்துச் சொச்சம் தடவைதான். ஆணின் விந்தகத்தில் அப்படியில்லை. பருவமடைந்ததிலிருந்து அங்குள்ள மூலச்செல்கள் சுமார் 16 நாளுக்கு ஒருமுறை பிரிந்துகொண்டே இருக்கின்றன. 20 வயதில் உருவாகும் விந்தணுவுக்குப் பின்னால் ஏறக்குறைய 150 பிரிவுகள். 40 வயதில் அதுவே 600ஐத் தாண்டிவிடுகிறது.

ஒவ்வொரு பிரிதலிலும் சுமார் 600 கோடி டிஎன்ஏ எழுத்துகளைப் பிசகில்லாமல் பெயர்த்தெழுத வேண்டும். திருத்தும் நொதிகள் கூடவே இருந்தும் சில பிழைகள் தப்பிவிடுகின்றன. தாய், தந்தை, பிள்ளை மூவரின் டிஎன்ஏவையும் படித்து ஐஸ்லாந்தில் 2012இல் வெளியான ஆய்வில், தந்தைக்கு ஒரு வயது கூடினால் பிள்ளையிடம் பெற்றோரிடம் இல்லாத சுமார் 2 புதுப்பிழைகள் கூடுவது தெரிந்தது. 2017இல் இன்னும் பெரிய ஆய்வு அதை 1.5 என்று திருத்தியது, தாய்வழியில் 0.4கூட இல்லை.

பிழை என்றாலே நோய் என்று பயப்பட வேண்டாம். புரதத்துக்கான குறிப்பு டிஎன்ஏவில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பெரும்பாலான பிழைகள் அதற்கு வெளியே விழுந்து ஒன்றும் செய்வதில்லை. விழக்கூடாத இடத்தில் விழுந்தால்தான் சிக்கல். எஸ்சிஎன்2ஏ என்ற மரபணு, நரம்புச் செல்லுக்குள் சோடியத்தை விடும் வாயிலைச் செய்கிறது. அதில் 'சிஜிஏ' என்ற மூன்றெழுத்து இருக்கும் ஓரிடத்தில் 'சி' வேதிமாற்றத்தால் 'டி' ஆகி, அடுத்த பிரிதலுக்குள் திருத்தப்படாமல் போனால், 'டிஜிஏ' ஆகிவிடும். அதன் பொருள் 'இங்கே நிறுத்து'. புரதம் பாதியிலேயே நின்றுவிட, மற்றப் பெற்றோரிடமிருந்து வந்த பிரதி மட்டும் வேலை செய்யும், வாயில்கள் பாதியாகும். ஆட்டிசத்துக்கு இது நன்கு அறியப்பட்ட ஒரு காரணம். மூளை வளர்ச்சிக்கு இப்படி ஏராளமான மரபணுக்கள் தேவைப்படுவதால், குருட்டுப் பிழை ஒன்று அவற்றில் படும் வாய்ப்பும் அதிகம்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் 2001இல் வெளிவந்த ஜெருசலேம் ஆய்வு பேர்போனது: 25 வயதுக்குட்பட்ட தந்தையரோடு ஒப்பிட்டால், 50ஐத் தாண்டியவர்களின் பிள்ளைகளுக்கு ஆபத்து சுமார் 3 மடங்கு. கேட்கவே திகிலாக இருக்கும். ஆனால் அந்நோய் வருவது பொதுவாக நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மூன்று மடங்கானாலும் நூற்றில் 97 பிள்ளைகளுக்கு வராது.

அந்தக் கூடுதல் ஆபத்துக்கும் பிழைகள் மட்டுமே பொறுப்பல்ல. 2016இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, அதில் 10 முதல் 20 விழுக்காட்டைத்தான் புதுப்பிழைகளால் விளக்க முடிகிறது. டென்மார்க்கில் 2011இல் பார்த்தபோது, மனச்சிதைவோடு தொடர்பு காட்டியது தந்தை முதல் குழந்தை பெற்ற வயதுதான், அடுத்தடுத்த பிள்ளைகள் பிறந்தபோதைய வயது அல்ல. லேசான மனநலச் சிக்கலுள்ள ஆண்களுக்குத் துணை அமைவதே தாமதமாகலாம். அப்படியானால் பிள்ளைக்குப் போவது வயதால் வந்த பிழையல்ல, அவர்களிடம் முன்பே இருந்த மரபு. ஆனால் 2014இன் சுவீடன் ஆய்வில், ஒரே தந்தையின் பிள்ளைகளை ஒப்பிட்டபோதும் ஆட்டிசம், இருதுருவ நோய் (பைபோலார்) இரண்டிலும் வயதின் தாக்கம் மறையவில்லை. ஆகவே வயதும் மரபும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்றே கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளையைக் காட்டி, "வயதாகிப் பெற்றாயே" என்று தகப்பனைக் குற்றம் சொல்ல இதில் இடமில்லை.

கர்ப்பகாலத்தில் குரோமோசோம் எண்ணிக்கை பார்க்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனை இந்த ஓரெழுத்துப் பிழைகளைக் காட்டாது. மருத்துவரிடம் தந்தையின் வயதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது குடும்ப வரலாறு: பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் பத்தை நெருங்குகிறது.