மழை அமிலம், மண் அலுமினியம், பைன் கன்று

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து வைத்த பைன் கன்று மஞ்சளித்துவிட்டது, அமில மழையா? அக்கம்பக்கத்தில் கண்ணேறு என்கிறார்களாம். கண் பட்டு எந்தச் செடியும் மஞ்சளிப்பதில்லை. மழைதான் காரணம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்துக் கரிசலைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் வரும். சுண்ணாம்புதான் அது, விழுகிற அமிலத்தை அங்கேயே முறித்துவிடும். காரம் மிகுந்த மண்ணில் இரும்பு கரையாது என்பதால் புதுத் துளிர்தான் முதலில் வெளிறும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்துப் பாருங்கள்.

சரி, அமிலம் எங்கேதான் கன்றைச் சாய்க்கிறது? சுண்ணாம்பில்லாத மண்ணில். புகையிலுள்ள கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் மழையை அமிலமாக்குவது பள்ளிப்பாடம். அதற்குப் பிறகு மண்ணுக்குள் நடப்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

களிமண் துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை. கால்சியம், மக்னீசியம் எல்லாம் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளப்பட்டவை சல்பேட்டோடு சேர்ந்து அடியில் இறங்கிப் போய்விடும். இருப்பு தீர்ந்து மண்ணின் பிஎச் (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 5க்குக் கீழே போனால், அதுவரை களிமண் தாதுக்குள் சாதுவாகக் கிடந்த அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். மழை அதைக் கொண்டுவரவில்லை. பூட்டை மட்டும் திறந்துவிட்டது. மூன்று நேர்மின்சுமை கொண்ட அந்த அயனி, வேர்நுனியில் கால்சியம் பிடிக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சில மணி நேரத்திலேயே வேர் நீளுவது தடைபடும். பிறகு தடித்துக் கட்டையாகிவிடும். மக்னீசியம் மேலே ஏறாது. பச்சையத்தின் நடு அணுவே மக்னீசியம். செடி அதைப் பழைய ஊசியிலைகளிலிருந்து உருவிப் புதுத் துளிருக்குக் கொடுப்பதால், இங்கே முதலில் மஞ்சளிப்பது பழைய ஊசிகள். பெரிய மரத்துக்கு ஆழ வேரும் சேமிப்பும் உண்டு. கன்றின் வேரெல்லாம் அமிலம் முதலில் தொடும் மேல்மண்ணில்தான். மழையோடு வரும் நைட்ரஜன் உரம்போல் வேலை செய்வதால், ஆரம்பத்தில் கன்று செழிப்பாகக்கூடத் தெரியலாம்.

ஜெர்மனியின் சோலிங் காட்டில் மண் விஞ்ஞானி பெர்ன்ஹார்ட் உல்ரிச் இந்த அலுமினிய விளக்கத்தை முன்வைத்தபோது பெரும் விவாதம் எழுந்தது. விவாதிக்கவாவது அவர்களிடம் பல வருட மண்நீர் அளவுகள் இருந்தன. அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963 முதல் மழைநீரையும் ஓடைநீரையும் அளந்துவருகிறார்கள். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் மண் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது, சுண்ணாம்புக் கையிருப்பு குறைவு. அங்கே இரண்டு மூன்று வருட ஆய்வுத் திட்டம் போதாது. ஓர் ஓடையை முப்பது வருடம் விடாமல் அளக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும்.