மரத்தில் வெள்ளி எங்கிருந்து வந்தது?

வாசகர் ஒருவர் இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். ஜூன் மாதம் ரஷ்யாவின் கரேலியாவுக்குப் போன அவர் மகள், ஒரே நாளில் ஒரே தேவாலயத்தை எடுத்த படங்கள். ஒன்றில் குவிமாடங்கள் வெள்ளித் தகடு போர்த்தியதுபோல மின்னுகின்றன. இன்னொன்றில் சிலேட்டுப் பலகைபோலக் கறுத்திருக்கின்றன. "எந்தப் படத்தில் கைவைத்திருக்கிறாள், சார்?"

இரண்டிலும் இல்லை. பாவம், பெண்ணை விட்டுவிடுங்கள்.

ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய ஏரியான ஒனேகாவில் கிஷி என்றொரு தீவு. அங்கே 1714-இல் எழுப்பிய உருமாற்றத் தேவாலயத்துக்கு 22 குவிமாடங்கள், 37 மீட்டர் உயரம், எல்லாமே மரம். கட்டி முடித்த தச்சர் "இதுபோல இன்னொன்று வராது" என்று கோடரியை ஏரியில் வீசினார் என்று ஒரு கதை உண்டு. ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டியது என்று வழிகாட்டிகள் சொல்வதில் பாதிதான் உண்மை. சுவரில் பைன் கட்டைகளை ஒன்றோடொன்று கவ்வவிட்டு அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் குவிமாடத்தின் மேல் இருக்கும் சுமார் 30,000 மர ஓடுகளையும் ஆணி அடித்துத்தான் பொருத்தியிருக்கிறார்கள். ஆணியைச் சொன்னால் அதிசயம் குறைந்துவிடும் என்று யார் சொன்னது?

இந்த ஓட்டை ரஷ்ய மொழியில் லேமெக் என்கிறார்கள். ஏர்க்கொழுவுக்கும் அங்கே அதே சொல்தான். செய்வது ஆஸ்பென் மரத்தில். நம் அரசமரம்போல, காற்றே இல்லை என்று நினைக்கும்போதும் இதன் இலை சலசலக்கும். இலைக்காம்பு தட்டையாக, இலைக்குக் குறுக்காக அமைந்திருப்பதால் சின்ன அசைவுக்கும் ஆடிவிடுகிறது. ஊர்க்கதை வேறு மாதிரி: யூதாஸ் தூக்குப் போட்டுக்கொண்டது இந்த மரத்தில்தான், அந்தப் பயத்தில் இன்னும் நடுங்குகிறதாம். சாபம் பெற்ற மரம் என்றார்கள். தேவாலயத்துக்கு உச்சி வேய வேண்டி வந்தபோது அதையேதான் வெட்டினார்கள். தச்சனின் கை நம்புவது மரத்தை. ஊர் வாயை அல்ல.

புதிய ஆஸ்பென் ஓடு வெளிர்மஞ்சளாக இருக்கும். அப்படியானால் வெள்ளி எங்கிருந்து வருகிறது?

மரத்துக்குள் முக்கியமாக இரண்டு சரக்குகள்: செல்லுலோஸ் இழைகள், அவற்றைப் பிணைக்கும் லிக்னின். கட்டடத்தில் கம்பியும் சிமென்ட்டும்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியனின் புற ஊதாக் கதிர்களை விழுங்குவது லிக்னின்தான். விழுங்கியதும் அதன் மூலக்கூறு துண்டு துண்டாக உடைகிறது. மஞ்சள், பழுப்பு நிறங்கள் அந்தத் துண்டுகளுடையவை. ஜன்னலோரம் கிடந்த பழைய செய்தித்தாள் மஞ்சளாவதும் இதே வேதிவினைதான். மலிவான தாளில் லிக்னினை நீக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சரி, செய்தித்தாள் மஞ்சளானால் குவிமாடமும் மஞ்சளாகத்தானே வேண்டும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். செய்தித்தாள் வீட்டுக்குள் இருக்கிறது. குவிமாடம் மழையில் நிற்கிறது! உடைந்த லிக்னின் துண்டுகளில் பல தண்ணீரில் கரைபவை. வெயில் உடைக்க, மழை கழுவ, வெயில் மறுபடி உடைக்க, கடைசியில் மேற்பரப்பில் மிஞ்சுவது நிறமே இல்லாத செல்லுலோஸ். இதெல்லாம் நடப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஆழத்தில். ஓட்டைச் சுரண்டினால் உள்ளே பழைய மஞ்சள் அப்படியே இருக்கும். ஈரத்தில் வளரும் நுண்பூஞ்சைகள் தங்கள் கரும்புள்ளிகளைத் தூவ, வெள்ளை கொஞ்சம் சாம்பலாகிறது.

பளபளப்புக்குக் காரணம் தச்சரின் கை. நார் போகும் திசையிலேயே மரத்தைப் பிளந்து, கோடரியால் செதுக்குகிறார். நார்கள் அறுபடாமல் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஒளி பட்டால் பட்டுப்புடவைபோல ஒரு திசையில் மினுங்குகின்றன. சொந்த நிறம் இல்லாததால் வானத்தின் நிறம் எதுவோ, அதுவே குவிமாடத்தின் நிறம்.

ஜூனில் அந்த வானம் சும்மா இருப்பதில்லை. 62 பாகை வடக்கில் சூரியன் சாய்வாகத்தான் இறங்கும். அடிவானத்துக்கு மேலே கடைசி ஆறு பாகையைக் கடக்க நம் ஊரில் அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே ஒன்றரை மணி நேரம். மறைந்த பிறகும் அடிவானத்துக்கு ஆறு பாகைக்குக் கீழே போகாது, அதனால் விடியும்வரை வெளிச்சம் அணைவதில்லை. புகைப்படக்காரர்கள் தூங்காமல் அலைவது இதனால்தான். மலைமேல் கிறிஸ்துவின் ஆடை ஒளிபோல வெண்மையானது என்று மத்தேயு சொல்லும் நிகழ்ச்சிக்குத்தான் இந்த ஆலயம். பொன் ஆரஞ்சிலிருந்து வெளிர்நீலத்துக்கு மாறும் குவிமாடத்தின் முன்னால் நிற்கும் பக்தரிடம் போய் லிக்னின் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டால் மட்டும் சொல்வேன்.

19-ஆம் நூற்றாண்டில் சுவர்களைப் பலகையாலும் குவிமாடங்களை இரும்புத் தகட்டாலும் மூடிவிட்டார்கள். 1950-களில் அவற்றை அகற்றி மறுபடி ஓடு வேய்ந்தார்கள். பிறகு கட்டைகள் உளுத்துப்போய், கட்டடத்தை அடுக்கடுக்காகத் தூக்கிப் பழுதுபார்க்கும் வேலை 2020-இல்தான் முடிந்தது. மரம் எப்படி மூப்படைகிறது என்ற ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இந்த வேலையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கறுத்த படம். அது மழை ஓய்ந்ததும் எடுத்தது, வேறொன்றுமில்லை. காய்ந்த ஓட்டில் நார்களுக்கு இடையே காற்று. அந்த எல்லைகளில் ஒளி சிதறித் திரும்புவதால் வெளுப்பாகத் தெரிகிறது. அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பினால் சிதறல் குறைந்து, ஒளி உள்ளே போய்த் தொலைந்துவிடுகிறது. சட்டையில் தண்ணீர் பட்ட இடம் கறுப்பதுபோலத்தான். மகளிடம் படங்களின் நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே காற்றும் வெயிலுமாகக் கொஞ்ச நேரம் கழிந்திருக்கும்.