நாலு மாத்திரை போட்டால் நாலு மடங்கு பெண்மை வராது

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடேறி, மூச்சு வாங்கியபடி வந்து நிற்கும் திருநங்கையிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என்ன மாத்திரை, நாளைக்கு எத்தனை? சலிக்கச் சலிக்கக் கேட்ட பதில்தான் வரும். கருத்தடை மாத்திரை, காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. யார் எழுதிக் கொடுத்தது? யாரும் இல்லை. "முன்னாடி போட்டவங்க சொன்னாங்க."

அந்த அட்டையைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் 'எத்தினில் ஈஸ்ட்ராடியால்' என்றிருக்கும், 20 முதல் 35 மைக்ரோகிராம் வரை. உங்களுக்குத் தேவையானது ஈஸ்ட்ராடியால் என்ற பெண் ஹார்மோன். பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'எத்தினில்' சும்மா இல்லை. கல்லீரலால் அதை எளிதில் சிதைக்க முடியாது. அது திரும்பத் திரும்பக் கல்லீரல் வழியே சுற்றி வந்து, ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். ஒரு மாத்திரைக்கே ரத்தம் உறைந்து கட்டும் அபாயம் உண்டு (முதலில் சொன்ன கால் வீக்கமும் மூச்சு வாங்கலும் அதன் அடையாளம்தான்) என்று தெரிந்துதான் கருத்தடைக்கு அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். நீங்கள் அதை நாலால் பெருக்குகிறீர்கள். ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதலும், திருநர் நலத்துக்கான உலக மருத்துவ அமைப்பான டபிள்யூபாத்தின் 2022 வழிகாட்டுதலின் எட்டாம் பதிப்பும் திருநங்கையருக்கு இது வேண்டாம் என்றே சொல்கின்றன. போதாக்குறைக்கு, பல அட்டைகளில் கூடவே இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற இன்னொரு செயற்கை ஹார்மோனுக்கு ஆண் ஹார்மோனின் குணம் கொஞ்சம் உண்டு. எதை அடக்கப் பார்க்கிறீர்களோ அதையே துளித் துளியாக விழுங்குகிறீர்கள்.

"அதிகம் போட்டால் சீக்கிரம் வளரும்." பிடுங்கி எறிய வேண்டிய நம்பிக்கை இதுதான். மார்பு வளர்ச்சி, சரியான அளவில் தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதத்தில், காம்புக்குப் பின்னால் வலிக்கும் சிறு கட்டியாகத் தெரியும். முழு வளர்ச்சிக்கு இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். வயதுக்கு வரும் எந்தப் பெண்ணுக்கும் அவ்வளவு காலம் ஆகத்தான் செய்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் அடங்கி, ஈஸ்ட்ராடியால் பெண்களின் அளவுக்கு வந்துவிட்டால், அதற்கு மேல் ஊற்றுவதால் மார்பு கூடுதலாக வளரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எவ்வளவு வளரும் என்பது பெரும்பாலும் உடல்வாகு. குரலோ எத்தனை மாத்திரைக்கும் மசியாது, அதற்குக் குரல் பயிற்சிதான். தாடி மெலியும், ஆனால் போகாது. லேசரோ, மின்சாரத்தால் முடி வேரை அழிக்கும் எலக்ட்ரோலிசிஸோ தேவைப்படும்.

வழிகாட்டுதலில் உள்ள அளவு, வாய்வழி ஈஸ்ட்ராடியால் நாளைக்கு 2 முதல் 6 மில்லிகிராம். புகைப்பவர்களுக்கும், வயது கூடியவர்களுக்கும், குடும்பத்தில் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் தோலில் ஒட்டும் பட்டையோ ஜெல்லோ மேல். இலக்கு, ரத்தத்தில் ஈஸ்ட்ராடியால் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம், டெஸ்டோஸ்டீரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. இங்கேதான் கருத்தடை மாத்திரை இன்னொரு வேலை காட்டும். வழக்கமான ஈஸ்ட்ராடியால் பரிசோதனையின் கண்ணுக்கு எத்தினில் சரியாகப் படாது. அறிக்கையில் அளவு குறைவாக வரும், அதைப் பார்த்து இன்னும் இரண்டு மாத்திரை கூடும்!

பரிசோதனைக்குப் போகும்போது சில விஷயம். ஜெல் தடவிய கையில் ரத்தம் எடுக்க விடாதீர்கள், கணக்கே தப்பிவிடும். ஊசி போடுபவர்கள் இரண்டு ஊசிகளுக்கு நடுநாளில் எடுங்கள். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், அது ஹார்மோன் அளவுகளைப் பொய்யாகக் காட்டும். ஊசியையும் சிரிஞ்சையும் யாரோடும் பகிர வேண்டாம், கூடப் பிறந்தவளாகவே இருந்தாலும்.

ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்துகளிலும் இதே அள்ளிப்போடும் பழக்கம். ஸ்பைரனோலாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றும், அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதன் மேல் வலி மாத்திரைகளையும், சோடியம் குறைந்ததென்று விற்கும் பொட்டாசிய உப்பையும் சேர்ப்பது ஆபத்து. இன்னொரு அடக்கியான சைப்ரோடீரோன் நாளைக்கு 50, 100 மில்லிகிராம் என்பதெல்லாம் பழைய கணக்கு. 10 மில்லிகிராம் அளவே போதும். அதிக அளவில் நெடுநாள் எடுத்தவர்களுக்கு மூளை உறையில் மெனிஞ்சியோமா கட்டி வரும் அபாயம் கூடுவது தெரிந்து, 2020இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு போட்டது.

அறுவை சிகிச்சை முடிந்ததும் "இனி எதுக்கு மாத்திரை" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுபவர்கள் ஒரு பக்கம். நிறுத்த வேண்டியது ஆண் ஹார்மோன் அடக்கியை மட்டும்தான். விரைகள் போனபின் ஈஸ்ட்ராடியாலும் இல்லையென்றால் எலும்பைக் காக்கப் போதுமான பாலின ஹார்மோன் உடலில் மிஞ்சாது, சில வருடங்களில் எலும்பு தேயும். பிராஸ்டேட் சுரப்பி உள்ளேயேதான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இதெல்லாம் நாங்க பார்க்கிறதில்லை" என்று திருப்பி அனுப்பப்படுபவர் நேரே மருந்துக் கடைக்குத்தான் போகிறார். அந்த நாலு மாத்திரையில் நமக்கும் பங்கு உண்டு.

ஹார்மோன் தொடங்கும் முன், என்றாவது சொந்தக் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் துளியாவது இருந்தால் விந்தணுவைச் சேமித்துவிடுங்கள். பிறகு மருந்தை நிறுத்தினாலும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. அதே சமயம், ஹார்மோனைக் கருத்தடையாக நம்பவும் வேண்டாம். கண்ணில் மின்னல் வெட்டிய பின் வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிகரெட்டை விடுங்கள், தயவுசெய்து.

ஒற்றைக் கால் வீக்கம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என்றால் அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்கு. கேலி செய்வார்களோ என்று பயந்து மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், நெஞ்சுவலியை வாயு என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. காலி அட்டையாக இருந்தாலும் கையோடு எடுத்துப் போங்கள், கடைசி ஊசி போட்ட தேதியை அதன் மேலேயே எழுதி.