எண்ணெய் வழியும் முகத்தைத் தேய்த்துத் தீர்க்க முடியாது

சித்திரை பிறந்ததிலிருந்து ஆடிக் காற்று அடிக்கும் வரை என் கிளினிக்கில் அதிகம் காதில் விழுவது இதுதான்: "காலையில மூஞ்சி கழுவிட்டுத்தான் டாக்டர் பஸ் ஏறுறேன், காலேஜ்ல போய் எறங்குறப்ப எண்ணெய் வடியுது." பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் புகார் ஒன்றுதான். ஆனால் அந்த முகங்களில் எண்ணெயை விட என் கண்ணில் முதலில் படுவது வேறு. மூக்கோரமும் வாயோரமும் சிவந்து, பொடிப்பொடியாகத் தோல் உரிந்திருக்கும். நெற்றி பளபளக்கும், கன்னம் இழுத்துப் பிடிக்கும். பிசுபிசுப்பும் வறட்சியும் ஒரே முகத்தில். இது பெரும்பாலும் வெயில் செய்த வேலை இல்லை, சோப்பு செய்த வேலை.

ஒரு கல்லூரி மாணவி அம்மாவுடன் வந்திருந்தாள். முகத்துக்கு என்னென்ன போடுகிறாய் என்று கேட்டதும் கைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். கிருமிநாசினி சோப்பு ஒன்று. கரி போட்ட ஃபேஸ்வாஷ் ஒன்று. நறநறவென்று மணல் போல இருக்கும் ஸ்க்ரப். அட்டைப்பெட்டி இல்லாத, பாதி பிதுக்கிய ஒரு ட்யூப். இது போக, ராத்திரியில் எலுமிச்சம்பழத் தோலை வைத்து ஒரு தேய். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுவாய் என்று கேட்டேன். அவள் யோசிப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்: "எங்க டாக்டர் கணக்கு? குழாயடியிலயேதான் நிப்பா."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எண்ணெய் என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் தேய்க்க வேண்டும் என்றுதான் விளம்பரமும் சொல்கிறது, வீடும் சொல்கிறது. உண்மையில் அது அழுக்கே இல்லை. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர உடம்பெங்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. முகத்திலும் தலையிலும் அவை மிக நெருக்கம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இருக்கும். அவற்றை ஆட்டிவைப்பவை ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். ஆண், பெண் இருவர் உடம்பிலும் அவை உண்டு. அதனால்தான் பத்து வயதுப் பிள்ளைக்கு இல்லாத எண்ணெய் பதினாலு வயதில் வழிகிறது. யாருக்கு எவ்வளவு சுரக்கும் என்பதில் பரம்பரைக்கும் பெரிய பங்கு. அப்பாவின் பழைய கல்யாண ஃபோட்டோவைப் பார்த்தாலே பல வீடுகளில் விடை கிடைத்துவிடும்.

முகம் கழுவும்போது போவது மேலே படிந்த எண்ணெய் மட்டும்தான். சுரப்பிக்குள் நடப்பது நடந்துகொண்டேதான் இருக்கும். சில மணி நேரத்தில் பழையபடி வந்துவிடும். மடை திறப்பது மேட்டூரில்; வாசல் வாய்க்காலில் நின்றுகொண்டு இறைத்து என்ன ஆகப்போகிறது? அதிகம் கழுவினால் எண்ணெய் இன்னும் அதிகம் சுரக்கும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. அதிகம் கழுவினால் கெடுவது தோலின் மேலடுக்கு. நம் தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது, அமில-கார அளவான பிஎச் ஐந்தை ஒட்டி இருக்கும். சாதாரணக் கட்டி சோப்பு ஒன்பது, பத்து என்று காரத்தன்மையோடு இருக்கும். திரும்பத் திரும்ப அதைப் போட்டால் மேலடுக்கு அரித்து, எரிச்சல் வந்து, பரு இன்னும் சிவந்து வீங்கும். பருவுக்குப் போடும் நல்ல மருந்தைக்கூட அப்புறம் அந்தத் தோல் தாங்காது.

நம் பக்கத்து வானிலைக்கும் இதில் பங்கு உண்டு. தோல் சூடானால் எண்ணெய் கூடுதலாக வெளியே வரும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் அதன் மேலேயே நிற்கும். ஆக, அக்னி நட்சத்திரத்தில் நாம் எண்ணெய் என்று துடைப்பதில் கணிசமான பகுதி வியர்வை. உங்களுடையது நிஜமாகவே எண்ணெய்ச் சருமமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, எதுவும் பூசாமல், ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் இருங்கள். பிறகு மெல்லிய டிஷ்யூவை நெற்றி, மூக்கு, தாடை, கன்னம் என்று தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் காகிதம் கண்ணாடி மாதிரி ஆனால் எண்ணெய்ச் சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் என்றால் கலப்புச் சருமம். கன்னத்துக்கு அவ்வளவு கடுமை தேவையில்லை. பைக்கில் வந்து இறங்கிய கையோடு இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

கழுவுவது எப்படி என்று நான் செய்தே காட்டுவது வழக்கம். முதலில் கையைக் கழுவ வேண்டும். சாதாரணத் தண்ணீரில் முகத்தை நனைத்து, பட்டாணி அளவு ஃபேஸ்வாஷைக் கையிலேயே நுரைத்துக்கொள்ள வேண்டும். விரல் நுனியின் சதைப்பகுதியால், நகம் படாமல், அரை நிமிடம் போல வட்டமாகத் தடவினால் போதும். மூக்கின் மடிப்பு, முடி தொடங்கும் இடம், தாடைக்கு அடிப்பக்கம் ஆகிய மூன்றையும்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். நன்றாக அலசி, மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்ற வேண்டும். வீட்டுக்கே பொதுவான, தலை துவட்டிய துண்டு வேண்டாம். அதில் இருக்கும் தலை எண்ணெய் நேராக நெற்றிக்கு வரும். காலை ஒன்று, இரவு ஒன்று, அவ்வளவுதான். நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீர். மதியம் பளபளத்தால் சுத்தமான கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள்.

வேதாரண்யம், தரங்கம்பாடி மாதிரிக் கடலோர ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதிலிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து, வெள்ளைப் படலமாகத் தோலில் தங்கிவிடும். அங்கிருந்து வருகிறவர்களிடம் கட்டி சோப்பை விட்டுவிட்டு, சோப்பு கலக்காத திரவ ஃபேஸ்வாஷுக்கு மாறச் சொல்கிறேன். கடைசியாக ஒரு சொம்பு குடிதண்ணீரால் முகத்தை அலசினால் இன்னும் நல்லது.

சரி, தலைக்கு வருவோம். நம் வீடுகளில் இது கொஞ்சம் சங்கடமான பேச்சு. இரட்டைச் சடை போட்டு, எண்ணெய் வைத்து, படிய வாரிப் பள்ளிக்கு அனுப்பினால்தான் அம்மாக்களுக்கு நிம்மதி. அந்த எண்ணெய் வெயிலில் இறங்கி நெற்றியில் நிற்கும். நெற்றி மேட்டிலும் கன்னப்பொறியிலும் மட்டும் ஒரே மாதிரி சின்னச் சின்ன மேடுகள் இருந்தால் முதலில் நான் கேட்பது தலை எண்ணெயைப் பற்றித்தான். தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைக்கக்கூடியது. முடிக்கு நல்லது, பரு வரும் முகத்துக்கு ஆகாது. சனிக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. குளித்துவிட்டுச் சீயக்காயால் அலசும்போது நெற்றியையும் பின்கழுத்தையும் சேர்த்து அலசுங்கள். ராத்திரி எண்ணெய் வைத்துத் தலையணையில் படுப்பதைத்தான் விடச் சொல்கிறேன்.

பொடுகு இருக்கிறது என்று எண்ணெய் வைக்கிறவர்களும் உண்டு. பொடுகோடு தொடர்புடைய மலாசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. புருவத்திலும் மூக்கோரத்திலும் மஞ்சள் செதிலாக உரிவதும் பெரும்பாலும் இதன் கைங்கரியம். மார்பிலும் முதுகிலும் அரிக்கிற, ஒரே அளவுப் பொரிகள் இருந்தால் அது பரு இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். அதற்குப் பருவுக்கான ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பிட்டால் கூடத்தான் செய்யும். அரிப்பு இருக்கிறதா என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான்.

அடுப்படிப் பொருட்களில் எல்லாமே கெடுதல் இல்லை. பயத்தம் மாவைக் குழைத்துத் தடவி, தேய்க்காமல் கழுவினால் ஒன்றும் ஆகாது. முல்தானி மட்டி எண்ணெயை உறிஞ்சும், வாரம் ஒரு முறை போதும். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அது கடுமையான அமிலம் என்பது ஒரு பக்கம். அதைப் பூசி வெயிலில் போனால் தோல் வெந்து, கொப்புளம் வந்து, மாதக்கணக்கில் கறுப்புத் திட்டாக நிற்கும். ஆப்ப சோடா, பற்பசை இரண்டும் முகத்துக்கு வேண்டாம்.

இப்போது அந்த அட்டைப்பெட்டி இல்லாத ட்யூப். எண்ணெய் முகத்தை விட என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதுதான். மெடிக்கலில் "முகத்துக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்டு வாங்கியது, அல்லது அக்கா பூசியது, தோழி பூசியது. முதல் வாரம் அற்புதமாக இருக்கும். சிவப்பு அடங்கும், பரு அமுங்கும், நிறம் பளிச்சென்று ஆகும். அதனால்தான் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிச் சொல்லி அது ஒரு தெருவுக்கே போய்விடுகிறது. சில மாதம் போனதும் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரியும். மெல்லிய முடி வளரும். புதுசாகக் கொத்துக் கொத்தாகப் பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும், எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள்.

ட்யூபின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சில க்ரீம்களில் அதோடு ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் கலந்திருக்கும். கெட்ட மருந்து இல்லை. மங்கு மாதிரிச் சில நோய்களுக்கு நாங்களே சில வாரம் எழுதுகிறோம். தினசரி முகப்பூச்சு அல்ல என்பதுதான் விஷயம். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. இன்றும் கவுண்டரில் கேட்டால் கிடைக்கிறது என்பது வருத்தமான உண்மை. மாதக்கணக்கில் பூசியிருந்தால் பயந்துபோய் ஒரே நாளில் தூக்கி எறியாதீர்கள். படிப்படியாக விடுவதற்கு வழி இருக்கிறது, டாக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

அப்படியானால் எதைத்தான் பூசுவது? எண்ணெய் முகத்துக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும் என்றால் பலரும் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். எண்ணெய் வேறு, ஈரப்பதம் வேறு. எண்ணெய் கலக்காத ஜெல் வகையை மெல்லியதாகப் பூசினால் போதும். சன்ஸ்க்ரீனும் ஜெல்லாகவே கிடைக்கிறது, எஸ்பிஎஃப் 30 இருந்தால் சரி. பரு ஆறிய கறுப்புத் தடம் வெயில் பட்டால் போகவே போகாது. நாற்று நடவுக்கோ களை எடுக்கவோ போகிறவர்கள் முக்காட்டையும் விட வேண்டாம்.

கரும்புள்ளிக்கு 2 சதவீத சாலிசிலிக் அமிலம் உதவும். கரும்புள்ளியின் கறுப்பும் அழுக்கு இல்லை, காற்றுப் பட்டு நிறம் மாறியது. நகத்தால் பிதுக்கினால் குழிதான் மிச்சம். சீழ்ப் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு. 2.5 சதவீதமே ஏறக்குறைய 10 சதவீதத்தின் வேலையைச் செய்யும், எரிச்சல் குறைவு. தலையணை உறையை வெளுத்துவிடும், வெள்ளை உறையாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் பூசும் அடாபலீன் முதல் சில வாரம் உரியவைக்கும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்தாவது நாளில் "ஒண்ணும் கேக்கல டாக்டர்" என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சாப்பாடு பற்றிக் கேட்காமல் யாரும் எழுந்ததில்லை. பஜ்ஜி எண்ணெய் முகத்தில் வழியாது. சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பாலுக்கும் ஓரளவு தொடர்பு தெரிகிறது. கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு டிகிரி காபியை விடு என்று சொன்னால் அடுத்த தடவை வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள். எண்ணிக்கையைக் குறையுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிக்கும், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடரைப் பற்றி மட்டும் தவறாமல் விசாரிப்பேன்.

மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, தாடையில் முடி வளர்கிறது, கூடவே எண்ணெயும் பருவும் என்றால் க்ரீமோடு விட முடியாது. பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலிக்கிற கட்டிப் பரு, குழி விழுகிற பரு என்றால் காத்திருக்காதீர்கள். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எண்ணெய்ச் சுரப்பையே குறைக்கும், ஆனால் கருவைக் கடுமையாகப் பாதிக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் அதைத் தொடக்கூடாது, நிறுத்திய பிறகும் குறைந்தது ஒரு மாதம் கர்ப்பம் கூடாது. கர்ப்ப காலத்தில் அடாபலீனும் வேண்டாம்.

செலவுக்கு யோசிக்கிறவர்கள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவில் காட்டலாம். எங்கே போனாலும் பவுடர் போடாமல் போங்கள். இதுவரை பூசிய எல்லா ட்யூபையும், காலியானதையும் சேர்த்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வெள்ளை ட்யூப், நீல மூடி" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.