எது எப்படிக் கெடும்: மரம் ஏறிக் கிளை கழிப்பவரின் கருவிகள்

“அண்ணே, போன மாசம்தான் வாங்கினேன். இதுல பார்க்க என்னண்ணே இருக்கு?” என்றான் பயிற்சிக்கு வந்திருந்த பையன். கயிறு பளபளவென்றுதான் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, இடக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதை விட்டு, வலக்கையால் முழம் முழமாக இழுக்க ஆரம்பித்தேன். 45 மீட்டர் கயிறு. முக்கால்வாசி வந்த பிறகு ஓரிடத்தில் இரண்டு விரலும் நெருங்கின. நாலு விரற்கடை நீளத்துக்கு உருட்சி போய்த் தட்டையாகியிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் மேலுறையில் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. மடித்தேன். மற்ற இடங்களில் வளையமாக வளைந்த கயிறு, அங்கே மட்டும் காலிச் சட்டைக் கை மாதிரி மடிந்து விழுந்தது.

“இதுல கட்டை இறக்கினியா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒரே ஒரு தடவைண்ணே. அதுவும் பாதியில சிக்கி, அப்புறம் டபக்குனு விழுந்துச்சு.”

மரம் ஏறுகிறவர்களின் கருவிகளைச் சோதிப்பது பல வருடமாக என் வேலையில் ஒரு பகுதி. அதில் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. எதை வாங்கப் போனாலும், இது எப்படிக் கெடும் என்று முதலில் கேட்டுக்கொள்வேன். சில பொருள்கள் கெட்டால் கத்தும். மழுங்கிய ரம்பம் முதல் இழுப்பிலேயே சொல்லிவிடும். சில பொருள்கள் கடைசி நாள்வரை புதுமுகம் காட்டிக்கொண்டே இருக்கும். கயிறு, ஹெல்மெட், செயின்சா என்ற சங்கிலி ரம்ப மெஷினை ஓட்டும்போது போடும் கால்சட்டை மூன்றும் இந்த ரகம். நம் உயிரும் பெரும்பாலும் இவற்றை நம்பித்தான் இருக்கிறது.

கயிற்றையே முதலில் முடித்துவிடுகிறேன். மரம் ஏறும் கயிறு பெரும்பாலும் 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமன். பாரத்தைத் தாங்கும் கரு உள்ளே, அதைக் காக்கும் பின்னலுறை வெளியே. ஐரோப்பியத் தரமான ஈஎன் 1891இன் ‘ஏ’ வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,200 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். முடிச்சு போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். போனாலும் ஓர் ஆளுக்குத் தாராளம். அதனால்தான் எவரும் பயப்படுவதில்லை. ஆனால் கயிறு பாரத்தால் சாவது அபூர்வம். சுண்டி இழுக்கும் அதிர்ச்சி, உராயும் சூடு, வெட்டும் விளிம்பு, வெயில், ரசாயனம் இவைதான் அதைக் கொல்லும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நைலான் 6 ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பாலியெஸ்டர் இன்னும் முப்பது, நாற்பது டிகிரி தாங்கும். உச்சியிலிருந்து ஒரே ஓட்டமாகச் சறுக்கி இறங்குகிறவர்களின் கயிற்றில் கண்ணாடி பூசினாற்போல் ஒரு மினுமினுப்பு இருக்கும். அது உருகிய நூல். கயிற்றைப் பிடித்து நிற்கவும் நழுவி இறங்கவும் போடும் சறுக்குமுடிச்சுக்கு உருகாத அராமிட் நார் கலந்த சிறு கயிற்றை வைப்பது இதனால்தான். சிக்கனம் பார்த்து மிச்சமிருந்த நைலான் துண்டில் சறுக்குமுடிச்சு போட்டவரைப் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, தரையில் வைத்துப் பார்த்தேன்.

ரசாயனம் இதைவிட மோசம். பேட்டரி அமிலம் பட்ட நைலான் வலுவிழக்கும், வெளியே அடையாளமே இருக்காது. அதனால் வண்டியில் பேட்டரி இருக்கிற மூலையிலும் பெட்ரோல் கேன் பக்கத்திலும் கயிற்றுப் பைக்கு இடம் கிடையாது. அழுக்கானால் வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான். ப்ளீச்சிங் வேண்டாம்.

அந்தப் பையன் கயிற்றுக்கு வருவோம். கெட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். ஒரு வெட்டுக்காயம் என்றால் யோசிக்கலாம். அதிர்ச்சி முழு நீளத்திலும் பாய்ந்திருக்கும். கரு எங்கெங்கே நைந்தது என்று யார் சொல்வது? அங்கேயே அதை இரண்டு இரண்டு மீட்டர் துண்டுகளாக அறுத்துப் போட்டேன். ஒதுக்கிய கயிற்றை முழுசாக வைத்திருந்தால், அவசரத்துக்கு எவராவது எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார். ஏறும் கயிறு ஒரு நிறம், கட்டை இறக்கும் கயிறு வேறு நிறம் என்று வாங்கிவிட்டால் இந்தக் குழப்பமே வராது. இரண்டுக்கும் எண் போட்டு, வாங்கிய தேதியையும் பார்த்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஆளைத் தூக்கும் உபகரணங்களைத் தகுதியுள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சோதிக்க வேண்டும். சட்டம் கேட்காத ஊரிலும் ஆறு மாதக் கணக்கு நல்ல கணக்கு. தினமும் ஏறுமுன் விரலால் பார்ப்பது வேறு, அது எப்போதும் உண்டு.

அடுத்தது கால்சட்டை. இதைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். துணி கெட்டியாக இருப்பதால் செயினால் அறுக்க முடியாது என்று நினைக்கிறார்கள். நான் பழைய கால்சட்டை ஒன்றைப் பிரித்து மேஜையில் போட்டு வைத்திருக்கிறேன். மேல்துணியைக் கத்தியால் கீறினால் சாதாரணமாகவே கிழியும். உள்ளே அடுக்கடுக்காகத் தளர்ந்த நூல் பாய்கள். ஒரு நூலை விரலில் சுற்றி இழுத்தால் நீளமாக, தடையே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். செயின் பட்டதும் இந்த நூல்தான் கொத்தாகப் பற்றிக்கொண்டு போய், செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி அடைத்து, மெஷினை நிறுத்துகிறது. ஆக, துணி தடுப்பதில்லை, நூல்தான் பிடித்து நிறுத்துகிறது.

இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நூல் தளர்வாக ஓட வேண்டும். எண்ணெய் ஊறி ஒட்டிப்போனால் ஓடாது, ஆகவே லேபிளில் சொன்னபடி துவைக்க வேண்டும். ப்ளீச்சும் துணி மென்மையாக்கியும் கூடாது, இஸ்திரியும் கூடாது. செயின் ஒருமுறை உள்ளே புகுந்து நூலை இழுத்துவிட்டால் அந்தக் கால்சட்டைக்கு வேலை முடிந்தது.

இதில் என் கதையும் ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் முழங்காலுக்கு மேலே முள் கிழித்துவிட்டது. ஊசியும் தடித்த நூலும் எடுத்து நானே நெருக்கமாகத் தைத்தேன், உள்பாயோடு சேர்த்து. நல்ல தையல் என்று பெருமை வேறு. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், தைத்த இடத்துக்குப் பக்கத்தில் பிரித்து, ஒரு நூலைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். வரவில்லை. என் தையல் அதைத் துணியோடு கட்டிப்போட்டிருந்தது. அதை மாட்டிக்கொண்டு ஒரு பருவம் முழுக்க வேலை செய்திருந்தேன்.

வாங்கும்போது லேபிளில் வகுப்பு எண் இருக்கும். வகுப்பு 1 என்றால் செயின் வேகம் நொடிக்கு 20 மீட்டர், 2 என்றால் 24, 3 என்றால் 28 என்று சோதனை. உங்கள் மெஷினின் செயின் இதைவிட வேகமாக ஓடலாம், ஆகவே கால்சட்டை போட்டால் கால் பத்திரம் என்று அர்த்தமில்லை. பேட்டரி ரம்பங்களின் மோட்டார் இழுவை வேறு மாதிரி. அங்கே நூல் அடைத்து நிறுத்தும் என்பதை அதே அளவுக்கு நம்ப வேண்டாம். ‘ஏ’ வகை முன்பக்கம் மட்டும் காக்கும், ‘சி’ வகை சுற்றிலும் காக்கும். மரத்தில் கோணல்மாணலாக நின்று அறுப்பவருக்கு ‘சி’ நல்லதுதான், ஆனால் வெந்துவிடும். என் எண்ணம் இது: சூட்டுக்குப் பயந்து கழற்றி வைக்கிற வகுப்பு 3ஐவிட, நாள் முழுக்கக் காலில் இருக்கிற வகுப்பு 1 மேல்.

ஹெல்மெட்டில் நிறத்தையும் விலையையும் பார்க்கிறார்கள், தாடைப் பட்டையைப் பார்ப்பதில்லை. தொழிற்சாலை ஹெல்மெட்டுக்கான ஈஎன் 397இன்படி, 150 முதல் 250 நியூட்டன் இழுவைக்குள் பட்டை விடுபட்டுவிட வேண்டும். எதிலாவது மாட்டினால் கழுத்தை நெரிக்கக் கூடாதென்று அந்த ஏற்பாடு. மலையேற்ற ஹெல்மெட்டுக்கான ஈஎன் 12492 இதற்கு நேர்மாறு, 500 நியூட்டன் வரை பிடித்திருக்க வேண்டும். கயிற்றில் ஊசலாடித் தண்டில் மோதுகிற நமக்குத் தலையில் நிற்பதுதான் தேவை. கீழே நிற்கிறவருக்கு முதலாவது போதும். ஓட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதும், பெயிண்ட் அடிப்பதும், தின்னரால் துடைப்பதும் பிளாஸ்டிக்கைச் சத்தமில்லாமல் நொறுங்கவைக்கும் வழிகள். பலமாக அடி வாங்கினால் விரிசல் தெரியாவிட்டாலும் தூக்கிப்போடுங்கள். உள்பக்கம் தயாரித்த தேதி அச்சடித்திருக்கும், எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

கம்பிவலை முகமூடி சிராயைத் தடுக்கும், தூளைத் தடுக்காது. உள்ளே கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். காதுக்கு வேண்டுமானால் ஒரு கணக்கு சொல்கிறேன். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் நலன் ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் மிஞ்சுவது 15 நிமிடம். பெட்ரோல் செயின்சா அதையும் தாண்டும்.

இனி செயின்சா. இது கத்துகிற ரகம். கூர்மையான செயின் சீவல் சீவலாகத் தள்ளும், மழுங்கினால் மாவாகக் கொட்டும். மாவு கொட்ட ஆரம்பித்ததும் நம் ஆள்கள் செய்வது மெஷினை அழுத்துவது. அழுத்தினால் செயின் ஓடுகிற தகடான பார் சூடாகும், கை நடுங்கும், மரத்தில் சமநிலை போகும். நடுக்கம் சின்ன விஷயமில்லை. வருடக்கணக்கில் அது விரல்களின் ரத்த ஓட்டத்தைக் கெடுத்து, குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகச் செய்யும். இறங்கி அரம் பிடிக்க ஐந்து நிமிடம் ஆகும்.

அரத்தின் அளவு செயினைப் பொறுத்தது. மரத்தில் பயன்படுத்தும் சிறு மெஷின்களில் வரும் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர், .325 செயினுக்கு 4.8 (3/8, .325 என்பவை அங்குலக் கணக்கில் செயினின் கண்ணி அளவு). கோணம் பெரும்பாலும் 30 டிகிரி, ஆனால் செயினோடு வந்த தாளைப் பாருங்கள். வெளிப்பக்கம் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். சரியாகப் பிடித்தால் ‘சர்க்’ என்று ஒரே சுரத்தில் சத்தம் வரும், அரம் வழுக்கினால் கீச்சிடும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கைத் தள்ளல். வலப்பக்கப் பல் நீளமாகவும் இடப்பக்கம் குட்டையாகவும் ஆகிவிட்டால் வெட்டு ஒருபக்கமாக வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள், சிலர் ஆசையில் அதிகமாக அராவிவிடுகிறார்கள். பல் நுனிக்கும் மேட்டுக்கும் 0.65 மில்லிமீட்டர் இடைவெளி பொதுவான அளவு. அதைவிட இறக்கினால் மெஷின் வெறிபிடித்துக் கடிக்கும். பாரின் மூக்கில் மேல்பாதி எதிலாவது பட்டால் முகத்தை நோக்கிப் பாய்கிற அந்த உதையும் கூடும்.

அதனால் செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக்கைச் சோதிப்பது காலையில் முதல் வேலை. வேலை முடிந்ததும் செயினைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். சூட்டில் நீண்டபோது இறுக்கியது, ஆறினால் சுருங்கி பாரையும் மெஷினின் சுழல்தண்டையும் இழுக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும், ஆகவே மாதக்கணக்கில் கிடந்த கலவையை ஊற்றாதீர்கள். மேல்பிடி வைத்த சிறு மெஷின் ஒற்றைக் கையால் ஓட்டத் தூண்டும். அது மரத்தில் ஏறிப் பயிற்சி பெற்றவருக்கு, இரண்டு கைக்கு.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் இடது ஆள்காட்டி விரல் மூட்டில் இருக்கிற தழும்பு கைரம்பத்தால் வந்தது. இழுக்கும்போது அறுக்கும் வளைந்த ரம்பம், கிளை ஒடிந்ததும் வழுக்கிக் கைக்கு வந்துவிட்டது. இறுகி நிற்கிற கயிறாயிருந்தால் இந்த ரம்பம் ஒரே இழுப்பில் அறுத்துவிடும். இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிக் கட்டும் வடத்துக்கு எஃகுக் கரு வைத்ததை வாங்குவது இதற்குத்தான். அதுவும் செயின்சாவுக்குத் தாங்காது, ஆகவே மெஷின் ஓடும்போது நம்மை இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். இந்தக் கைரம்பங்களில் பல்நுனி நீலமாகக் கருத்திருந்தால் அது சுட்டுக் கெட்டிப்படுத்தியது. அரம் பிடிக்காது, பிளேடை மாற்ற வேண்டியதுதான். நோயுற்ற மரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகுமுன் பிசினைத் துடைத்து 70 சதவீத ஆல்கஹால் தடவுங்கள்.

கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கிவளையமான கராபினரில் மூன்று அசைவில் திறக்கும் தானியங்கிப் பூட்டு, தானாக முழுசாக மூடுகிறதா என்று பாருங்கள். பிசின் அடைத்தால் வெந்நீரில் கழுவி உலர்ந்த மசகு. கிளைகளைப் பொடியாக்கும் மெஷினில் வேலை செய்யும்போது அகன்ற மணிக்கட்டுப் பட்டை வைத்த கையுறை வேண்டாம், கிளை அதைப் பிடித்து இழுக்கும். மின்கம்பி அருகே அலுமினியத் தொரட்டி வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒரு பொருள். எவரும் வாங்கும் பட்டியலில் சேர்ப்பதில்லை. ரத்தத்தை அடக்கும் கட்டும், இறுக்கும் பட்டையும், உடம்பில் போட்டிருக்கும் ஏறும் பட்டைக்கட்டான ஹார்னஸிலேயே மாட்டியிருக்க வேண்டும். கீழே வண்டியில் இருக்கும் முதலுதவிப் பெட்டி இருபது மீட்டர் உயரத்தில் இருக்கிறவருக்கு உதவாது. எங்கே மாட்டுவது என்று கேட்பார்கள். நான் ஆளைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, முதலில் இடக்கையால் மட்டும், பிறகு வலக்கையால் மட்டும், பார்க்காமல் எடுக்கச் சொல்வேன். முதல் தடவை பெரும்பாலும் வராது. பை முதுகுப்பக்கம் போயிருக்கும், இல்லாவிட்டால் ஒட்டுப்பட்டையில் பிசின் இறுகியிருக்கும். வருகிறவரை இடத்தை மாற்றி மாற்றி மாட்டிப் பார்ப்போம்.